இரண்டு மீட்டர், இரண்டு எண்

இயற்பியல் டீச்சர் போடில் ஓய்வு பெற்றபோது நடந்த விருந்தில் பேசச் சொல்லி எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நான் அவர் பள்ளியைச் சேர்ந்தவன் இல்லை. லிம்ஃபியோர்டு என்ற கடற்கழிக்கு நடுவே இருக்கும் ஒரு தீவில் வேறொரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு ஜூன் மாதப் பகலில்தான், அதுவும் நாற்பது நிமிடத்தில். அந்த நாற்பது நிமிடத்தில் நான் நன்றாக மூக்குடைபட்டேன். விருந்தில் மற்றவர்கள் அவருடைய பழைய சைக்கிளையும் முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையையும் பற்றிப் பேசினார்கள். நான் மூக்குடைபட்ட கதையைச் சொன்னேன்.

கடைசி வருட வாய்மொழித் தேர்வுக்கு வெளிப்பள்ளி வாத்தியார் ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்பது எங்கள் நாட்டு வழக்கம். பாடம் நடத்தியவர் கேள்வி கேட்பார். வந்தவர் கேட்டுக்கொண்டிருப்பார், நடுநடுவே தலையிடுவார். முடிந்ததும் மாணவனை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் பேசி மதிப்பெண் போடுவார்கள். ஒத்துவராவிட்டால் வெளியாளின் பேச்சுக்குக் கொஞ்சம் எடை கூடுதல். அன்றைக்கு வெளியாள் நான். இருபத்தாறு வருட அனுபவமும் இஸ்திரி போட்ட சட்டையும் நாலு மணிப் படகைப் பிடிக்கும் அவசரமுமாகப் போயிருந்தேன்.

காலையில் ஆறு பேரை முடித்தோம். மதியம் கறுப்பு ரொட்டி மேல் ஹெர்ரிங் மீனும், பிறகு ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் காப்பியும். வெளித் தேர்வாளருக்கு நல்ல சாப்பாடு போட வேண்டும் என்பதில் எந்தப் பள்ளியும் கஞ்சத்தனம் செய்வதில்லை. போடிலுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. குட்டையான பெண்மணி. காப்பியைக் குடிப்பதைவிட அதில் எழும் ஆவியைப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆர்வம்.

"உங்களுக்கு எப்படி இந்த இயற்பியல் பைத்தியம் பிடிச்சுது?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்க பண்ணையில மாட்டுக்குப் போட்ட கரண்டு வேலிதான் காரணம். அண்ணனுங்க ரெண்டு பேரும் கையால தொட்டு, யாரு கத்தாம இருக்கறதுன்னு பந்தயம் கட்டுவானுங்க. நான் புல்லை நீட்டித் தொட்டேன். நீள புல்லுன்னா லேசா சுள்ளுங்கும். குட்டைப் புல்லுன்னா நல்லா அடிக்கும். மழை பெஞ்ச புல்லு இன்னும் மோசம். எல்லாத்தையும் சமையலறைக் காலண்டர்ல எழுதி வெச்சேன்."

"அம்மா காதைத் திருகியிருப்பாங்களே?"

"அம்மா காலண்டரைப் படிச்சா. வெளிய போனா. ஒரு புல்லைப் பிடுங்கி அவளும் தொட்டுப் பாத்துட்டு வந்தா. 'ஆமா, சரிதான்'னா. அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தார். பெரிய கதையாக எனக்குத் தோன்றவில்லை. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒரு வேலியைத் தொட்டிருப்பார்கள்.

ஜன்னல் ஓரம் மாணவர்களின் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் புரட்டினேன். ஒவ்வொரு இடது பக்கத்தின் தலையிலும் 'கண்டது', வலது பக்கத்தின் தலையில் 'நினைத்தது'. இடது பக்கம் நிரம்பாமல் வலது பக்கத்தில் பேனா வைக்கக் கூடாது என்பது அவர் வகுப்புச் சட்டமாம். அழிப்பதும் கூடாது. ரப்பர் கொண்டுவந்தால் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். டப்பாவைத் திறந்து காட்டினார், முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

"கடை போடப் போறீங்களா?" என்றேன்.

"ஓய்வு பெறும்போது பார்சல் கட்டி உனக்கு அனுப்பறேன். நீ நிறைய அழிக்கிற ஆளு மாதிரி தெரியுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து என் குறிப்புத் தாளில் மதிப்பெண்களை இரண்டு முறை அழித்து எழுதியிருந்தேன், உண்மைதான்.

அன்றைய கடைசி ஆள் லீவா என்ற பெண். அவளுக்கு அது பள்ளி வாழ்க்கையின் கடைசித் தேர்வும்கூட. அதனால் வெளி நடையில் குடும்பமே வந்து நின்றது. அப்பா எவால்ட், சிப்பி அள்ளும் படகுக்காரர், பள்ளி முடிப்பவர்கள் போடும் சிவப்புப் பட்டி வைத்த வெள்ளைத் தொப்பியைக் கையில் முட்டை மாதிரி ஜாக்கிரதையாகப் பிடித்திருந்தார். அம்மாவிடம் சின்னக் கொடிகள். தேர்வு முடிந்து மதிப்பெண் தெரிந்ததும் தொப்பியை அவள் தலையில் வைக்க வேண்டும். அதுவரை யாரும் அதைப் போட்டுப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை லீவா எடுத்தாள். மின்காந்தத் தூண்டல். முகம் மலர்ந்தது. தயார் செய்ய அவளுக்குத் தந்த நேரத்தில் மேசை மேல் ஒரு சாதனத்தைக் கட்டி வைத்தாள். நடுவில் இரும்புத் தண்டு செருகிய கம்பிச்சுருள் நிமிர்ந்து நின்றது. அதற்கு ஏசி மின்சாரம் கொடுத்தால் தண்டுக்குள் காந்தப் புலம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். தண்டைச் சுற்றி ஒரு வளையம். அதன் இடது பாதியில் சின்ன மின்தடை, வலது பாதியில் அதைப்போல் ஒன்பது மடங்கு பெரிய மின்தடை. இரண்டு பாதியும் சேரும் இடங்கள் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்த இரண்டு இடங்களிலும் ஒரு வோல்ட்மீட்டரை மாட்டி இடது பக்கம் வைத்தாள். அதே இரண்டு இடங்களில் இன்னொரு வோல்ட்மீட்டரையும் மாட்டி வலது பக்கம் வைத்தாள்.

சுவிட்சைப் போட்டாள். இடது மீட்டர் இருபத்தொரு மில்லிவோல்ட் காட்டியது. வலது மீட்டர் நூற்றெழுபத்தொன்பது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மீட்டரும் மாட்டியிருப்பது அதே இரண்டு புள்ளியில். இரண்டு புள்ளிக்கு நடுவே மின்னழுத்தம் ஒன்றுதான் இருக்க முடியும். இதை நான் வருடத்துக்கு இரண்டு வகுப்பு என்று இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடும் போட்டுவந்திருக்கிறேன்.

"ஒரு நிமிஷம் லீவா. உன் கிளிப் எங்கேயோ சரியா பிடிக்கல" என்றேன்.

"பிடிச்சிருக்கு, ஹோல்கெர்" என்றாள். எங்கள் ஊரில் வாத்தியாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப ரெண்டு மீட்டரும் ஏன் வேற வேற சொல்லுது?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நடுவுல புலம் மாறிக்கிட்டே இருக்கறப்போ, ரெண்டு புள்ளிக்கு ஒரே வோல்டேஜ்னு சொல்ல முடியாது. மீட்டரோட வயர் எந்தப் பக்கமா போகுதுங்கறதைப் பொறுத்தது. இப்ப உங்க தீவைச் சுத்தி சைக்கிள்ல போறோம்னு வெச்சுக்குங்க. காத்தும் தீவைச் சுத்தியே வட்டமா வீசுது. துறைமுகத்துக்கு ஒரு பக்கமா போனா முழுக்கக் காத்து தள்ளிவிடும். மறுபக்கமா போனா முழுக்க எதிர்காத்து. போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதான். ஆனா காலைக் கேட்டா ரெண்டு கணக்கு சொல்லும்."

"சைக்கிள் கதை வேண்டாம். புத்தகத்துல என்ன இருக்கு?"

"புத்தகத்துல பேட்டரி போட்ட சர்க்யூட்டுக்குத்தான் எழுதியிருக்கு. இங்க பேட்டரி இல்லையே."

போடில் பக்கம் திரும்பினேன். அவர் கண்டிப்பார், ஒரு துணைக் கேள்வி போட்டு அவளைக் கரை சேர்ப்பார் என்று பார்த்தேன். பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லீவா கரும்பலகைக்குப் போய் ஃபாரடே விதியை எழுதினாள், தெளிவாகவே எழுதினாள். ஆனால் வளையத்தில் மின்னோட்டம் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டபோது தலைகீழாகப் போட்டுவிட்டாள். நான் அதையும் குறித்துக்கொண்டேன். இருபத்துநாலு நிமிடம் முடிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் நான், "நாலு" என்றேன். எங்கள் அளவுகோலில் உச்சம் பன்னிரண்டு. நாலு என்றால் பரவாயில்லை, தேறினாய், வீட்டுக்குப் போ என்று அர்த்தம். "கனெக்‌ஷன் தப்புன்னு கண்டுபிடிக்கல. அதுக்கு மேல ஒரு கதை கட்டி அதை நிலைநாட்டப் பாக்கறா. அம்பும் தப்பு."

போடில் வாதாடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து என் பக்கம் தள்ளினார். ஒரு பென்சிலும் தந்தார்.

"இடது பக்கம் நீ கண்டதை எழுது."

"போடில், எனக்குப் படகு இருக்கு."

"ரெண்டு நம்பர்தானே. எழுது."

எழுதினேன். 21, 179.

"இப்ப வலது பக்கம், நினைச்சதை எழுது."

'கிளிப் சரியில்லை' என்று எழுதினேன்.

"சரி. கிளிப்பைச் சரி பண்ணிட்டு வா" என்றார், கடைக்கு அனுப்புகிற மாதிரி.

எழுந்துபோனேன், கொஞ்சம் கோபமாகவே. கிளிப் நாலையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். 21, 179. மீட்டர் கோளாறு என்று நினைத்தேன். இடது மீட்டரை வலப்பக்கமும் வலது மீட்டரை இடப்பக்கமும் மாற்றினேன். இடப்பக்கம் வந்த மீட்டர் 21 என்றது. வலப்பக்கம் போனது 179 என்றது. மீட்டர்கள் யோக்கியமானவைதான். வயரை மாற்றினேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். படகு ஞாபகம் போய்விட்டது. இது என்னடா என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. சின்ன வயதில் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றியபோது இருந்த அதே எண்ணம். அது எனக்குள் இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இப்போ ஒண்ணு பண்ணு" என்றார் போடில், எழுந்துகூட வராமல். "எதையும் கழட்டாத. வலது மீட்டரை அப்படியே தூக்கி, சுருளோட தலைக்கு மேல கொண்டுபோய் இடப்பக்கம் வை. நம்பரைப் பாத்துக்கிட்டே போ."

தூக்கினேன். கிளிப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மீட்டரும் அதன் வயரும் மட்டும் என் கையோடு நகர்ந்தன. 179 இறங்க ஆரம்பித்தது. தண்டின் தலைக்கு மேல் வரும்போது நூறு, எழுபது, இருபது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பூஜ்யம். பிறகு மெல்ல ஏறியது. இடப்பக்கம் மேசையில் வைத்தபோது 21. மறுபடி தூக்கி வலப்பக்கம் கொண்டுபோனேன். 21, பூஜ்யம், 179. நான் இதை எத்தனை முறை செய்தேன் என்று எனக்குத் தெரியாது. ஐந்து முறை என்று போடில் பிறகு சொன்னார்.

கதவு தட்டப்பட்டது. எவால்ட் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"உள்ள எல்லாரும் உயிரோடதான் இருக்கீங்களா? தொப்பியைக் கடையில திருப்பி வாங்கிக்குவாங்களான்னு என் சம்சாரம் கேக்கறா."

"அஞ்சு நிமிஷம், எவால்ட். இவர் விளையாடிக்கிட்டு இருக்கார்" என்றார் போடில்.

கதவு சாத்தியதும் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "இது உங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

அப்போதுதான் ரூனே என்ற பையனைப் பற்றிச் சொன்னார். இருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அவர் இன்னொரு ஊருக்கு வெளித் தேர்வாளராகப் போயிருந்தாராம், என்னைப் போலவே. ரூனேவும் இதே மாதிரி ஒரு வளையம் கட்டினான், இதே மாதிரி இரண்டு எண் வந்தது. கிளிப் தப்பு என்று சொல்லி, பெயருக்குத் தேறும்படி ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு வந்துவிட்டார். நாலு வருடம் கழித்து வேறெதற்கோ ஒரு வளையம் கட்டியபோது, மேசையில் இடம் இல்லாமல் மீட்டரை மறுபக்கம் தள்ளி வைத்தார். எண் மாறியது.

"அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல" என்றார். "அவனைத் தேடிக் கண்டுபிடிச்சு போன் பண்ணினேன். காற்றாலை ரிப்பேர் வேலைக்குப் போயிட்டிருந்தான். நல்ல சம்பளம், பொண்டாட்டி, பிள்ளை, எல்லாம் நல்லாத்தான் இருந்துது. மார்க்கை அவன் மறந்தே போயிட்டான். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் சொன்னான், 'அன்னிக்கு வயரை நான்தான் தப்பா மாட்டிட்டேன்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன். நமக்கு இதெல்லாம் வராதுன்னு விட்டுட்டேன்'னு."

ஜன்னல் ஓர நோட்டுகளைக் காட்டினார். "அதுக்கப்புறம்தான் இந்த இடது பக்கம், வலது பக்கம். இவங்களுக்கு நான் இந்த ரெண்டு மீட்டரைச் சொல்லித் தரல, ஹோல்கெர். மார்ச் மாசம் லீவாவே கண்டுபிடிச்சா. மூணு வாரம் வகுப்புல சண்டை. மீட்டர் ஒடஞ்சு போச்சுன்னு ஒரு கட்சி, இல்லைன்னு ஒரு கட்சி. நான் வாயைத் தொறக்கல. எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது? கடைசியில அவங்களா விதியைப் பிடிச்சுக்கிட்டு வந்து சேந்தாங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெளியே அந்தப் பெண் நிற்கிறாள். நான் 'கிளிப்' என்று சொன்னது அவள் காதில் இன்னும் இருக்கும். ரூனே காதில் இருந்த மாதிரி வருடக்கணக்கில் இருந்துவிடலாம்.

"பன்னிரண்டு" என்றேன்.

"பத்து" என்றார் போடில்.

"என்னது?"

"அம்பு தலைகீழ். அவ அதைத் திருத்தவும் இல்ல. நீ வெக்கப்படறேங்கறதுக்காக அவளுக்கு ரெண்டு மார்க் சேத்துத் தராத. அது அவளோடது இல்ல, உன்னோடது."

இந்தப் பெண்மணியோடு குடும்பம் நடத்தியவர் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து என்று எழுதினேன், அழிக்காமல். வழக்கமாக மதிப்பெண்ணைச் சொல்வது பாடம் நடத்தியவர்தான். நான் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார்.

லீவா உள்ளே வந்தாள். நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"பத்து" என்றேன். "அம்புக்குறி தலைகீழாப் போட்டுட்ட."

"வெளிய போன உடனே தெரிஞ்சுது. தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றாள். பத்து என்ற வார்த்தை அவள் கன்னத்தில் சிவப்பாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னொரு விஷயம்." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உன் கிளிப் சரி. மீட்டர் சரி. நீ சொன்னதும் சரி. நான்தான் தப்பு. இன்னிக்கு மட்டும் இல்ல, இருபத்தாறு வருஷமா தப்பு."

அவள் அழுவாள், அல்லது அப்பாடா என்று மூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

"தெரியும்" என்றாள். திமிரெல்லாம் இல்லை, மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "பதினோரு தடவை செஞ்சு பாத்திருக்கேன்ல."

போடில் கையை நீட்டினார். மூன்று வருடப் பழக்கம், லீவா நோட்டைக் கொடுத்தாள். போடில் படித்தார். என்னிடம் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் கொஞ்சம் ஆடியது. அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இடது பக்கத்தில், தேதியோடு பதினோரு வரிகள். அவற்றுக்குக் கீழே, நடையில் நின்றபடி கொஞ்சம் கோணலாக எழுதிய பன்னிரண்டாவது வரி: 'பச்சை மேசை மேல், 21, 179. தேர்வாளர் கிளிப் தப்பு என்கிறார்.' எதிரே வலது பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'அவர் இன்னும் செய்து பார்க்கவில்லை.'

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. நான் அவளுக்கு எதையும் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை, அவளிடமிருந்து எதையும் பிடுங்க என்னால் முடிந்திருக்கவும் இல்லை. போடிலின் பென்சில் இன்னும் என் கையில்தான் இருந்தது. இடது பக்கத்தில், அவள் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: 'பதின்மூன்றாவது தடவை, ஹோல்கெர், 21, 179.'

அதற்குள் எவால்ட் பொறுமை இழந்து தொப்பியோடு உள்ளேயே வந்துவிட்டார்.